விரதம் இருந்த கோழிக்குஞ்சுகள்

எனக்குப் பிறகு ஊர்காவற்றுறைக் கால்நடைக் கந்தோருக்கு வந்த உத்தியோகத்தர் போன மாதம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். கையில் ரோணியோ மெஷினில் பிரதி எடுத்த இரண்டு தாள். இறைச்சிக்கோழிக் குஞ்சுகளுக்கு இரண்டாம் கிழமையில் ஒரு சில நாட்கள் தீனைக் குறைத்தால், அவை முதலில் சிறுத்து, பிறகு விறுவிறுவென்று வளர்ந்து, விற்கும் வயதில் மற்றக் குஞ்சுகளை எட்டிப் பிடித்துவிடும் என்று அதில் இருந்தது. வெளிநாட்டில் கண்டுபிடித்ததாம்.

"அண்ணை, உது நடக்கிற காரியமோ? பட்டினி போட்டால் ஏதும் வளருமோ?" என்று கேட்டார்.

"பட்டினி இல்லை, விரதம்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருக்கலாம். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தாளில் உள்ளதை அதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே வேலணையில் ஒரு கோழிக்கூட்டில் என் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்ததை முதலில் நம்பாதவனும், அதற்கு எதிராக எழுதிக் கையெழுத்து வைத்தவனும் நானே.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐம்பத்தாறில் மலைநாட்டுப் பண்ணை ஒன்றில் சேர்ந்தேன். குளிரில் நடுங்கிக்கொண்டு மாட்டுக்கு ஊசி போடவும், கோழிக்குக் கண்ணில் மருந்து விடவும், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும் பழகினேன். மூன்றாவதில்தான் எனக்குப் புழுகமும் பெருமையும். பிறகு தீவுப்பகுதிக்கு அனுப்பினார்கள். நெடுந்தீவுக்கு லோஞ்சில் போய் மாடு பார்ப்பேன், புங்குடுதீவுக்குச் சைக்கிளில் போய் ஆடு பார்ப்பேன். நாய்க்கு வேலை இல்லை, நிற்க நேரம் இல்லை என்பது போல இருபது வருடத்துக்கு மேல் ஓடித் திரிந்தேன்.

எனக்கு மேலே இருந்தவர் மிருகவைத்தியர் அருமைநாயகம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் ஜீப்பில் வருவார். மெலிந்த, உயர்ந்த மனிதர். அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் கதிரை போட்டாலும் இருக்க மாட்டார். முதலில் சீவனைப் பார்க்க வேண்டும், பிறகுதான் தேத்தண்ணீர். எதையும் பென்சிலால்தான் எழுதுவார். ஏனென்று ஒருநாள் கேட்டேன். "பேனை பிடிச்சால் நான் பிழைவிட மாட்டன் எண்ட எண்ணம் வந்திடும் காணும்" என்றார். நான் அந்தக் காலத்தில் பச்சை நிறப் பவுண்டன் பேனை ஒன்றைச் சட்டைப் பையில் எல்லோரும் காணும்படி குத்திக்கொண்டு திரிந்தவன்.

அவரிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் கடிதம் நிறுக்கும் பழைய பித்தளைத் தராசு. யாரோ ஏலத்தில் விற்றதை வாங்கினாராம். அரை அவுன்சு வரை சரியாகக் காட்டும். அதன் தட்டில் பனங்கட்டி வைக்கும் ஓலைக் குட்டான் ஒன்றை வைப்பார். குஞ்சை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, மற்றக் கையால் மூடி, அது துடிப்பு அடங்கும் வரை காத்திருப்பார். அடங்கியதும் குட்டானுக்குள் இறக்குவார். முள் நிற்கும் வரை பேச மாட்டார். முள் நின்ற பிறகு குட்டானின் எடையைக் கழித்துவிட்டுச் சொல்வார். நூறு குஞ்சென்றாலும் நூறுக்கும் இதே மரியாதைதான்.

எழுபதுகளில், மாவுக்கும் சீனிக்கும் சனம் வரிசையில் நின்ற நாட்களில், தீவுப்பகுதியில் இறைச்சிக்கோழி வளர்க்க ஒரு திட்டம் வந்தது. தெரிந்தெடுத்த வீடுகளுக்கு நூறு குஞ்சு, கூட்டுக்குக் கம்பிவலை, குஞ்சுக்குச் சூடு காட்டும் பெட்டி, தீன் மூட்டை. முதல் தொகுதியை ஒழுங்காக வளர்த்தால் அடுத்த தொகுதி வரும். பிழைத்தால் வலையும் பெட்டியும் அடுத்த வீட்டுக்குப் போகும். பிழையா சரியா என்று எழுதுவது நான்.

வேலணையில் அது கிடைத்தவர் பரமேஸ்வரி அக்கா. ஐம்பதை எட்டிய, அதிகம் பேசாத மனுசி. அவருடைய கணவர் வைத்திலிங்கத்தார் புகையிலைத் தோட்டக்காரர். இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, ஆள் நிற்கிறது தெரியும், ஆரென்று தெரியாது என்ற நிலைக்கு வந்ததும் தோட்டத்தை விட்டுவிட்டார். பிள்ளைகள் இல்லை. இந்த நூறு குஞ்சும் தேறினால்தான் அந்த வீட்டில் நாளைக்கு அடுப்பெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்குப் பின்னால் எட்டு வீடு வரிசையில் நின்றதும் தெரியும்.

ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் குஞ்சுகளின் அட்டைப் பெட்டிகள் வந்தன. அதே பெட்டிகளிலிருந்து ஐம்பது குஞ்சை நான் என் குவார்ட்டர்ஸில் மாதிரிக் கூடாக வைத்துக்கொண்டேன். புத்தகத்தில் சொன்னபடி வளர்த்துக் காட்டி, தீவுச் சனத்துக்குப் பாடம் படிப்பிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அக்காவிடம் குஞ்சைக் கொடுக்கும்போது விரலை நீட்டிச் சொன்னேன்.

"தீன் எந்த நேரமும் தட்டிலை இருக்க வேணும், அக்கா. ராத்திரியும் லாம்பு எரிய வேணும். தட்டு வெறுமையாய்க் கிடந்ததைக் கண்டனெண்டால் பேரை வெட்டிப்போடுவன்."

"ஓம் ஐயா" என்றார்.

அது தீபாவளிக்கு முந்திய கிழமை. பிறகு மழை கட்டிக்கொண்டது. எனக்கும் நெடுந்தீவில் மாட்டு நோய். வேலணைப் பக்கம் போகப் பதினைந்து நாள் சென்றுவிட்டது.

நான் போனது ஒரு வியாழக்கிழமை, காலை. முற்றம் சாணி தெளித்து, வாசலில் மாவிலை தொங்கியது. நேரே கூட்டுக்குப் போனேன். 

நூறு குஞ்சும் உயிரோடு நின்றன. ஆனால் என் வீட்டுக் குஞ்சுகள் அப்போது நல்ல மாம்பழம் போலக் கையில் கனக்கும். இவை புறாக்குஞ்சு அளவு. காலும் கழுத்தும்தான் தெரிந்தன. போதாததற்கு, தீனில் விழுந்து விழுந்து கொத்திய வேகத்தைப் பார்த்தால் ஒரு வருடம் சாப்பிடாததுகள் போல இருந்தது.

"என்ன நடந்தது? தீன் மூட்டையை வித்துப்போட்டியளோ?" என்று கத்தினேன்.

அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூட்டை உள்ளுக்கை இருக்குது ஐயா. கந்தசட்டி எல்லோ. ஆறு நாளும் விரதம். நாங்கள் ஒரு நேரம் பாலும் பழமும் எடுக்கேக்கை, அதுகளுக்கும் ஒரு நேரம்தான் போட்டனான். இண்டைக்குப் பாறணையோடை விரதம் முடியுது. விடிய முழுசாப் போட்டிட்டன்."

 இருபது வருட உத்தியோகத்தில் மாட்டுக்குப் பேய் பிடித்ததென்று சொன்னவர்களைக் கண்டிருக்கிறேன். கோழிக்குக் கந்தசஷ்டி பிடிக்க வைத்தவரை அன்றுதான் கண்டேன்.

"கோழிக்கு என்ன விரதம், அக்கா? உங்களுக்கு விசரோ?"

"பட்டினி போடேல்லை ஐயா. எங்களோடை விரதம் இருந்ததுகள்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, தாழ்ந்த குரலில் சொன்னார். "மார்கழியிலை கிறிஸ்தவச் சனத்தின்ரை நத்தாருக்கு இறைச்சிக்குப் போற சீவனுகள். முருகனை நினைச்சுக்கொண்டு இருக்கிற ஆறு நாளிலை, வெட்டுறதுக்கெண்டு வயிறு முட்டப் போட்டுக் கொழுக்க வைக்க எனக்கு மனம் வரேல்லை."

எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். பச்சைப் பேனையை எடுத்தேன். பராமரிப்பில் பாரதூரமான கவனக்குறைவு, குஞ்சுகள் வேண்டுமென்றே பட்டினி போடப்பட்டுள்ளன, இவை சந்தை நிறைக்கு வர வாய்ப்பில்லை, பயனாளியைத் திட்டத்திலிருந்து நீக்குமாறு சிபாரிசு செய்கிறேன். ஆங்கிலத்தில், அழுத்தி, கீழே இரண்டு கோடு போட்டு. வைத்திலிங்கத்தார் தூணில் சாய்ந்து முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார். 

எழுதி மடித்துப் பையில் வைத்ததும் அக்கா வந்து, "கை கழுவுங்கோ ஐயா, பாறணைச் சோறு" என்றார். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். குசினியிலிருந்து வந்த மணம் விடவில்லை. வாழையிலை போட்டு, குத்தரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், பாயாசம். ஆறு நாள் விரதக்காரர் நின்று பரிமாற, விரதம் இருக்காத நான் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

அடுத்தநாள் அறிக்கையோடு யாழ்ப்பாணம் போனேன். டொக்டர் நின்றபடியே வாசித்தார்.

"நிறுத்தனீரோ?"

"இல்லை சேர். பாத்தாலே தெரியுது."

"பாத்தால் தெரியுமெண்டால் தராசு என்னத்துக்கு?" என்றார். அறிக்கையை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். "நாளைக்கு வாறன்."

மறுநாள் காலை ஜீப்பில் வந்தார். கூட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து உள்ளே போனார். பரமேஸ்வரி அக்கா அழுத கண்ணோடு நின்றார். டொக்டர் ஏசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கைக்கு அகப்பட்டபடி இருபது குஞ்சைப் பிடித்தார். ஒவ்வொன்றின் காலிலும் கம்பளி நூல் கட்டினார். மிகச் சிறியதற்குச் சிவப்பு நூல். கையில் மூடி, அடங்கும் வரை காத்து, குட்டானில் வைத்து, முள் நிற்கும் வரை நின்று, பென்சிலால் எழுதினார். சிவப்பு நூல் ஐந்து அவுன்சு. அதே வயதில் என் வீட்டில் இருந்தவை ஒவ்வொன்றும் ஒன்பதுக்குக் கிட்ட.

"அம்மா, அந்த ஆறு நாளும் நீங்கள் என்ன செய்தனீங்கள்? விடியத் தொடங்கி ஒவ்வொண்டாய்ச் சொல்லுங்கோ" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. என் அறிக்கையைக் கையில் எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். கவனக்குறைவுக்கு இவ்வளவு விசாரணையா என்று எனக்குக் கடுப்பு. வெளியே போய்ச் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றேன். காற்றுத் தேவைப்படாத சைக்கிள். அந்தக் கால் மணித்தியாலம் நான் செய்த முட்டாள்தனம் பின்னால் பதினொரு உயிர் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

போகும்போது டொக்டர் சொன்னார்: "ஒவ்வொரு வியாழனும், விடிய, தீன் போட முதல் இந்த இருபதையும் நிறும். உம்மடை வீட்டிலையும் இருபதை நிறும். தராசும் குட்டானும் உம்மட்டை இருக்கட்டும். உம்மடை அறிக்கை என்னட்டை இருக்கட்டும். நத்தார் வரட்டும், பாப்பம்."

அக்கா அவரைப் பார்த்து, "எங்கடை பேர் வெட்டுப்படுமோ டொக்டர் ஐயா?" என்றார்.

"எனக்குத் தெரியாதம்மா. கோழிதான் சொல்ல வேணும்."

முதல் வியாழன் நான் வேண்டாவெறுப்பாகப் போனேன். சிவப்பு நூல் பத்து அவுன்சு. நான் தராசைத்தான் சந்தேகித்தேன். துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தேன். பத்து. ஐந்தே நாளில் தன் நிறையை இரண்டு மடங்காக்கி இருந்தது. ஆனாலும் என் வீட்டுக் குஞ்சுகள் அதற்கும் நல்ல முன்னால் நின்றன. குருட்டுச் சந்தர்ப்பம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் வியாழன் சிவப்பு நூல் குட்டானுக்குள் அடங்கவில்லை. பெட்டி ஒன்றில் வைத்து வில்லுத்தராசில் தூக்கினேன். இடைவெளி சுருங்கியிருந்தது. மூன்றாம் வியாழன் இன்னும் சுருங்கியது. நான்காம் வியாழன் ஊர்காவற்றுறைக்குத் திரும்பிப் போகும் வழியில், சரவணையடியில், சைக்கிளை நிறுத்திவிட்டு மதகில் குந்தியிருந்து நிறை எழுதிய கொப்பியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எழுத்து நனைவதைக்கூட நான் கவனிக்கவில்லை. அந்தக் குஞ்சுகளுக்கு யார் சொன்னது? தாங்கள் எவ்வளவு பின்னுக்கு நிற்கிறோம் என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக் குஞ்சுகளை அவை கண்டதுமில்லை. இருந்தும் இந்த வயதுக்கு இந்த நிறை என்று உள்ளே எங்கோ ஒரு அளவு இருந்து, அதை நோக்கி ஓடுவது போல ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு மேல் மயிர் கூச்செறிந்தது. நான் கோவிலுக்கு அதிகம் போகாதவன். கோவிலுக்குள் நிற்பவர்களுக்கு வரும் என்று சொல்கிறார்களே, அது எனக்கு அந்த மதகில் வந்தது.

இதற்கிடையில் என் மாதிரிக் கூட்டில் காரியம் சரியில்லை. குஞ்சுகள் கொழுத்து, நடக்க மறுத்து, தீன் தொட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கிடந்தன. நாலு குஞ்சு கால் மடங்கி விழுந்தன. நன்றாக நின்ற மூன்று, திடீரென்று மல்லாந்து செத்தன. ஊருக்கு உபதேசம் செய்யக் கட்டிய கூட்டை, வருகிறவர்கள் காணாதபடி சாக்குப் போட்டு மறைத்தேன்.

நத்தாருக்கு முந்திய வியாழன் டொக்டர் தானே வந்தார். பரமேஸ்வரி அக்கா வீட்டு முற்றத்தில் வில்லுத்தராசைக் கிளுவை மரத்துக் கொப்பில் கட்டினோம். ஊர்காவற்றுறை மாதா கோயில் பக்கத்துக் கிறிஸ்தவச் சனத்துக்கு நத்தாருக்குக் கோழி எடுக்க வந்த வியாபாரி ஒரு பக்கம் நின்றார். மூன்று இறாத்தலுக்குக் குறைந்தால் எடுக்க மாட்டேன் என்று முன்னரே சொன்னவர். வைத்திலிங்கத்தார் தூணில். அக்கா குசினி வாசலுக்குள் நின்றார், வெளியே வரவில்லை.

டொக்டர் சிவப்பு நூலைத் தூக்கி, கால்களைக் கட்டித் தராசில் தொங்கவிட்டு, முள் நிற்கும் வரை பார்த்தார். பிறகு கோழியை இறக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி தூக்கினார். மூன்றாம் தரமும் தூக்கினார். அவர் ஒன்றை மூன்று தரம் நிறுத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"மூண்டே கால்" என்றார்.

என் வீட்டில் அன்று விடிய நிறுத்த நல்ல கோழி மூன்றே கால். இருபதும் நிறுத்து முடிந்தபோது எல்லாம் மூன்றுக்கு மேல். நூறில் தொண்ணூற்றெட்டு நின்றன, எல்லாம் சொந்தக் காலில். உள்ளே தீன் மூட்டை ஒன்று பிரிக்காமலே கிடந்தது. தீனுக்கு ஊரெல்லாம் அலைந்த அந்த நாட்களில்!

"இது எப்பிடி நடந்தது சேர்?" என்று கேட்டேன். 

"தெரியாது காணும்" என்றார். ஒரு மேலதிகாரி வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வில்லுத்தராசை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "உடம்பு விறுவிறெண்டு கூடேக்கை நெஞ்சும் காலும் பின்னாலை ஓடி வர நேரம் வேணும். அந்த ஆறு நாளிலை அந்த நேரம் கிடைச்சிருக்கலாம். கிடைச்சிருக்கலாம் எண்டுதான் சொல்லுறன். நீர் உதைப் பேனையாலை எழுதாதையும்."

அக்காவுக்கு அடுத்த தொகுதி கிடைத்தது. இந்தக் கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு நல்லது. ஆனால் எனக்குத் தலைகால் தெரியவில்லை. நம்பாதவன் நம்பினால் அவனைப் போல மோசமான பக்தன் இல்லை. மாசியில் அடுத்த தொகுதி வந்ததும் ஐம்பது குஞ்சை என் கூட்டில் விட்டேன். எட்டு நாள் கழித்து, ஆறு நாள் ஒரு நேரத் தீன். அக்கா செய்ததையே செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு தரம் தகரத் தொட்டியில் தீனைக் கொட்டினேன். மூன்றாம் நாள் பதினொரு குஞ்சு செத்துக்கிடந்தது.

டொக்டருக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். இரண்டைக் கீறிப் பார்த்தார். ஒன்றின் இரைப்பையில் ஒரு பருக்கை இல்லை. மற்றதில் வெடிக்கும் அளவுக்குத் தீன்.

"ஒண்டு பட்டினியிலை செத்தது. மற்றது அவதிப்பட்டு அள்ளித் திண்டு செத்தது. ரண்டும் ஒரே கூட்டிலை" என்றார். "பரமேஸ்வரி அம்மா என்னெண்டு தீன் போட்டவ?"

"ஒரு நேரம், சேர்."

"எத்தனை நேரம் எண்டு கேக்கேல்லை. எப்பிடிப் போட்டவ எண்டு கேட்டனான்."

நான் குனிந்து செத்த குஞ்சுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"அண்டைக்கு அவ சொல்லச் சொல்ல நான் எழுதேக்கை நீர் எங்கை நிண்டனீர்?"

"சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கொண்டு நிண்டனான், சேர்."

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து நாலாக மடித்த கடதாசி ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். என் அறிக்கை. முன்பக்கம் என் பச்சை மை. பின்பக்கம் நுணுக்கமான பென்சில் எழுத்து, மேலிருந்து கீழ் வரை. வாசிக்கப் பிரித்தேன். அவர் கையை வைத்து மறித்தார்.

"வாசிக்க வேண்டாம். போய்ப் பாரும்."

அதே தொகுதிக் குஞ்சுகளை அக்காவும் வைத்திருந்தார். இம்முறை டொக்டரே கேட்டதால், அக்கா ஆறு நாள் தீனைக் குறைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போனபோது பின்னேரம், தீன் போடும் நேரம். அக்கா கூட்டுக்கு வெளியே நின்று அரிசி புடைக்கும் சுளகுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சுளகு, கடகத்து மூடி, பழைய பெட்டி, பனையோலைத் தட்டு என்று இருபதுக்கு மேல். அயல் வீடுகளில் இரவல் வாங்கியவை. ஒவ்வொன்றிலும் ஒரு சிறங்கை தீன் மெல்லிசாகப் பரவியிருந்தது. தண்ணீர்ச் சட்டிகள் முதலே நிறைந்திருந்தன. தண்ணீர் மட்டும் எந்த நாளும் ஒரு கணமும் நிறுத்தவில்லையாம்.

"ஏனக்கா இவ்வளவு சுளகு?"

"விரதக்காரரை ஒண்டாய் இருத்தித்தானே இலை போடுறது" என்றார், இது தெரியாதா என்பது போல. "முதல் பந்தி, ரண்டாம் பந்தி எண்டால் பசியோடை இருக்கிறது அடிபடும் எல்லோ."

சுளகுகளை ஒரேயடியாக உள்ளே தள்ளினார். நூறு குஞ்சும் பாய்ந்தன. அப்போது வைத்திலிங்கத்தார் தடியை ஊன்றி வந்து வலையோடு காதை வைத்தார். முதலில் ஒரே கத்தல். பிறகு கத்தல் குறைந்து, கொத்தும் சத்தம் எழுந்தது, ஓலையில் மழை விழுவது போல. அவர் கையை உயர்த்தினார்.

"பொறு. இன்னும் ஒண்டு கத்துது. வடக்கு மூலையிலை."

நான் எவ்வளவு கேட்டும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா வடக்கு மூலைக்குப் போய்க் குனிந்தார். உமிக்குள் ஒதுங்கி நின்ற ஒரு நோஞ்சான் குஞ்சுக்கு முன்னால் ஒரு சிரட்டையில் தீன் வைத்தார்.

"இப்ப?"

வைத்திலிங்கத்தார் கண்ணை மூடிக்கொண்டு உற்றுக் கேட்டார். "இன்னொண்டு. தண்ணிச் சட்டிக்குப் பின்னாலை." அக்கா அதற்கும் வைத்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "இப்ப சரி. எல்லாம் சாப்பிடுது."

நான் வலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நூறு குரலுக்குள் பசித்த ஒரு குரலைப் பிரித்தெடுக்கும் காது! அந்தக் கந்தசஷ்டி ஆறு நாளும் இப்படித்தான் நின்றிருக்கிறார்கள், இரண்டு பேரும், தங்கள் வயிறும் காய்ந்திருக்க. நான் அதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்தேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. கையில் அந்தக் கடதாசி.

"அக்கா" என்றேன். "அண்டைக்கு நான் உங்கடை பேரை வெட்டச் சொல்லி எழுதினனான்."

பதில் வைத்திலிங்கத்தாரிடமிருந்து வந்தது. "தெரியும் தம்பி. விறாந்தையிலை நீர் எழுதேக்கை பேனை கடதாசியைக் கிழிக்குமாப்போலை சத்தம் கேட்டது. நல்லது எழுதிறவன் அப்பிடி அமத்தி எழுதான். அப்பவே நான் இவளுக்குச் சொன்னனான்."

"தெரிஞ்சுகொண்டோ எனக்குச் சோறு போட்டனீங்கள்?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை போல இருந்தது.

"பாறணை எல்லோ தம்பி. அண்டைக்கு வீட்டுக்கு வந்தவரைப் பசியோடை அனுப்பலாமோ? நீர் வந்து நிக்கேக்கையே சோறு ஆயத்தம். எழுதி முடிக்கட்டும் எண்டு நான்தான் இலை போடாமல் நிண்டனான். முதலே போட்டிருந்தால், சோத்துக்காக நீர் மாத்தி எழுதினதாய்ப் போயிருக்கும்."

மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன் என்று சொன்னேனே. அத்தனை தரமும் அவர் நான் எழுதியதைத் தெரிந்துகொண்டுதான் பரிமாறியிருக்கிறார். முதல் கவளம் அவர் வாய்க்குள் போனது, நான் கை கழுவி எழுந்த பிறகுதான்.